அம்மனை இன்னும் விடலை

பொகவந்தலாவைக்கு மேலே எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் போய்க் கேட்டாலும் மீன்காரர் சின்னராசாவைத் தெரியும் என்பார்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, மனுசன் வளைவில் திரும்புவதற்கு முன்னாலேயே வாசம் வந்து சேர்ந்துவிடும். விடிகிற நேரம் அட்டன் மார்க்கெட்டில் லொறி இறக்குகிற மீனை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மீன் மீன், மாலு மாலு" என்று தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒரே மூச்சில் குரல் கொடுத்தபடி ஏறி வருவார். ஒரு காலத்தில் அவரும் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர்தான். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் ஏதோ சொல்லிவிட, வெட்டுக்கத்தியைத் தூக்கி அவர் காலடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தவர், அதற்குப் பிறகு பிடித்தது மீன்கத்தியைத்தான்.

சாமி விசயத்தில் சின்னராசா யாரோடும் வம்புக்குப் போகாத ஆள். திருவிழா என்றால் கொடி கட்டுவார், தேர் இழுப்பார், அன்னதானத்தில் இரண்டு தடவை உட்காருவார். மற்றதெல்லாம் பெண்சாதி அழகம்மையின் டிப்பார்ட்மென்ட். அவள் திருநீறு பூசிவிட்டால் நெற்றியைக் காட்டுவார், அவ்வளவுதான் அவருடைய பக்தி. டிவியில் சாமி படம் ஓடினால், "இந்த மீசைக்காரன் போன மாசம் வேற நாடகத்துல டாக்டரா வந்தான்ல" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இருவருக்கும் ஒரே மகள், ரஜிதா. குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போனவள். ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டு மேடம் விடுகிறதாக இல்லை. முதலில் பெருநாள் முடியட்டும் என்றாளாம், பிறகு மருமகள் பிள்ளை பெறட்டும் என்றாளாம், பிள்ளையும் பிறந்து குப்புற விழுந்து தவழ்கிற வயதாகிவிட்டது. பாஸ்போர்ட் மேடத்தின் அலுமாரியில். அட்டனில் அவளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் கோகுலராஜ், அனுப்புகிறபோது அப்பா அம்மா என்று காலில் விழாத குறையாக இருந்தவன், இப்போது போன் எடுத்தால் "வந்துருவாங்கம்மா" என்ற ஒற்றைச் சொல்லோடு வைத்துவிடுகிறான். வெள்ளிக்கிழமைகளில் மகளோடு கொஞ்ச நேரம் பேசலாம். கடைசியாகப் பேசியபோது ரஜிதா, "எப்பம்மா என்னையக் கூப்பிடுவீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு அழகம்மை சோறு சாப்பிடவில்லை. சின்னராசா சாப்பிட்டார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் டிவியில் செங்காட்டு நாயகி தொடர் சூடு பிடித்தது.

பக்கத்துக் காம்பரா ராசம்மா வீட்டில்தான் லயத்திலேயே பெரிய டிவி. கொழும்பில் வேலை செய்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. ராசம்மா கொழுந்து எடுத்து ஓய்ந்தவள், இப்போது அவளுக்கு முழுநேர வேலை அந்த டிவிதான். பொழுது சாய்ந்ததும் பெண்கள் கால் கழுவி, செருப்பை இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்காருவார்கள். தொடக்கப் பாட்டு வந்ததும் ராசம்மா கற்பூரத் தட்டை டிவிக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றுவாள். விளம்பரம் வந்தால் தட்டை மூடிவிடுவாள். கோழி சூப் கட்டி விளம்பரம் வந்தால் மொத்தக் கூட்டமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி சிவசாமி பாவம், ஆள் வராத அந்திப் பூசையை எத்தனை நாளைக்குத்தான் தனியாக நடத்துவார்? பூசையைத் தொடர் முடிந்த பிறகு என்று தள்ளிவைத்துவிட்டு, மணியும் கையுமாக அவரும் வந்து முன்வரிசையில் குந்திக்கொண்டார். கோயில் அம்மனும் பொறுத்துக்கொண்டாள் போல, ஒன்றும் சொல்லவில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள், மகுடாசுரன் என்கிற அந்தப் பாவி கும்பிட்டு விழுவதுபோல் நடித்து, அம்மனை ஏழு கதவுக் குகைக்குள் அடைத்துவிட்டான். சங்கிலியில் கட்டிப்போட்ட அம்மனின் கண்ணில் ஒரு சொட்டு நீர். அவ்வளவுதான், லயமே எழுந்து நின்று அவனைத் திட்டியது. ராசம்மா திட்டிய திட்டில் பூசாரி சிவசாமி காதைப் பொத்திக்கொண்டார்.

அழகம்மை திட்டவில்லை. கூட்டம் அடங்கியதும் மெதுவாக எழுந்து, டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா, நீ வெளிய வர்ற வரைக்கும் எங்க வீட்டுல கவுச்சி இல்ல. நீ வர்ற அன்னைக்கி எம்புள்ளையயும் கூட்டிட்டு வந்துரு."

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஒரு பிள்ளை இருந்தது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, ஒவ்வொருத்தியாக எழுந்து அதே விரதத்தை எடுத்துக்கொண்டாள். கடைசியில் ராசம்மா, இது தோட்டத்தில் நம்ம மொத்த டிவிசனுக்கும் சேர்த்துத்தான், ஆம்பளைகளும் அடக்கம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் சின்னராசா வழக்கம்போல வந்து ஹோர்ன் அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரேயொரு பூனைதான் வந்தது, அது விரதத்தில் இல்லை. கீழ் லயத்தில் கேட்டார், அங்கேயும் அம்மனை அடைத்தாகிவிட்டதாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிசனிலும் அதே கதை. பெட்டியில் பலயா மீன் அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தது. தன் வயிற்றில் அடித்தவள் சொந்தப் பெண்சாதிதான் என்று தெரிந்தபோது மனுசனுக்குக் கோபம் வந்தது உண்மை. வீட்டுக்குப் போனார். அழகம்மை மகளுக்காகத்தான் என்று சொன்னாள். கோபம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. மீனை டவுனுக்கே திருப்பிக்கொண்டுபோய்க் கிடைத்த விலைக்குத் தள்ளினார்.

அதற்குப் பிறகு லயத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். காலையும் சோயா மீட், மாலையும் சோயா மீட். ஆம்பளைகள் முகமெல்லாம் செத்துப்போயிற்று. ஒருத்தர் பொறுக்க மாட்டாமல் மலைக்குப் பின்னால் போய்ப் பாதிக் கருவாட்டைச் சுட்டுவிட்டார். வாசம் லயம் முழுக்க வந்து, ராசம்மா காம்பரா காம்பராவாகப் போய் ஒவ்வொருத்தன் வாயையும் மோந்து பார்த்தாள். சின்னராசாவோ மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நுவரெலியாப் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் ஏற்றி விற்கப் பார்த்தார். பைக்கின் வாசம் எங்கே போகும்? உங்கள் லீக்ஸை வாங்கிச் சமைத்தால் விரதம் முறிந்துவிடும் அண்ணே என்று பெண்கள் ஒதுங்கிப் போனார்கள்.

இப்படி வாரக்கணக்கில் ஓடியது. அம்மன் குகைக்குள் கண்ணைத் திறப்பாள், இடி இடிக்கும், 'தொடரும்' என்று போட்டுவிடுவான். டிவி பக்கமே தலைகாட்டாத சின்னராசா, இப்போது வாசற்படியில் நின்று முழுத் தொடரையும் பார்த்தார். அந்த லயத்தில் அம்மன் வெளியே வரவேண்டும் என்று அவரைப்போல நெஞ்சுருகி வேண்டிக்கொண்டவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் பொகவந்தலாவை பஜாரில் துணிக்கடை முதலாளி வீட்டுக்குக் கரட் கொடுக்கப் போனார். முதலாளியம்மா ஜெயந்தினியும் அதே தொடர், லயத்துக் கதையைக் கேள்விப்பட்டு அதே விரதம். அந்த அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். என்ன சின்னராசா கரட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறீர்கள், நல்ல பாறை மீன் இல்லையா என்றாள். விரதமாச்சே என்றார் இவர்.

"அம்மனத்தான் விட்டாச்சே. மகுடாசுரன் தலை போயி நாளாச்சு, உங்களுக்குத் தெரியாதா?"

விசயம் இதுதான். டவுன்காரர்கள் டிஷ் போட்டு இந்தியச் சேனலில் நேரடியாகப் பார்க்கிறார்கள். லயத்தில் வருவது உள்ளூர் சேனல். அந்தத் தொடரை இவர்கள் வாங்கிப் போடுவதற்குள் கதை ஒரு மாதத்துக்கு மேல் பின்தங்கிவிடும். டவுனில் அம்மன் சங்கிலியை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, அசுரன் தலையை வெட்டி, இப்போது வேறொரு ஊர்ப் பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். லயத்தில் இன்னும் நாலு கதவுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

சின்னராசா பைக்கை எடுத்தார் பாருங்கள், தேயிலைச் செடியெல்லாம் பின்னால் ஓடின. வளைவுக்கு வளைவு ஹோர்ன். நாளைக்கே சாலையா மீன், நாளைக்கே நெத்தலி என்று மனசுக்குள் பெட்டியை அடுக்கிக்கொண்டே வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அழகம்மை முற்றத்தில் ரஜிதாவின் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் கதவு திறந்த அன்றைக்கு மகளுக்குப் புதுத் துவாய் வாங்கினாள். இரண்டாம் கதவுக்குத் தலையணை உறை தைத்தாள்.

"மூணாவது கதவு நேத்துத் தொறந்துருச்சுங்க. இன்னும் நாலுதான்," என்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

சின்னராசா வாயைத் திறந்தார். அம்மனை விட்டு நாளாகிவிட்டது. மகளை விடவில்லை. இதைச் சொன்னால் இந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? மெத்தையின் மறுமுனையைப் பிடித்து, அவரும் நாலு தட்டுத் தட்டினார்.

அன்றையிலிருந்து சின்னராசாவுக்குப் புது உத்தியோகம். மீன்காரர் விரதத்துக்குக் காவல்காரர் ஆனார். டவுனுக்கு யாராவது பெண்பிள்ளை போகவேண்டும் என்றால், நான் வாங்கி வருகிறேன் என்று முந்திக்கொண்டு பையைப் பிடுங்கிக்கொள்வார். யாராவது போனை நோண்டினால், கண் கெட்டுப்போகும் என்று புத்தி சொல்வார். இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று யாருக்கும் விளங்கவில்லை. அம்மன் பார்வை பட்டுத் திருந்திவிட்டார் என்று சிவசாமி பூசாரி எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

எவ்வளவுதான் காத்தாலும் ஒருநாள் வந்தேவிட்டது. சிவசாமியின் போனில், அம்மன் ஏழாம் கதவை உடைத்து வெளியே வருகிற துண்டுப்படம். பூசாரி பதறிப்போய் அதை ராசம்மாவிடம் நீட்டினார். நல்ல காலம், அழகம்மை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம். கரட் கூடையோடு நின்ற சின்னராசா, அது வேற அம்மன், அது போன வருசத்து அம்மன் என்று வாய்க்கு வந்ததை உளறினார். ராசம்மா அவரைப் பார்க்கவே இல்லை. படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, நிதானமாகப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டவுன்ல விட்டா டவுன்காரங்க திங்கட்டும். நம்ம லயத்துல இன்னும் விடலையே. இந்தக் கைப்போனுக்கு நான் எங்க கற்பூரம் காட்டுறது?"

பூசாரி போனை இடுப்பில் செருகிக்கொண்டார். இதற்குப் பதில் எந்த ஆகமத்திலும் இருந்திருக்காது. விசயம் வெளியே போகக்கூடாது என்று ராசம்மா இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சின்னராசாவுக்கு அவள் காலில் விழுந்து கும்பிடலாம்போல இருந்தது.

ஆனால் கதவுகளை யார் பிடித்து நிறுத்த முடியும்? நாலாவது திறந்தது, அழகம்மை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஐந்தாவதுக்குக் கண்ணாடி வளையல் வாங்கினாள். ஆறாவது கதவன்று சின்னராசா ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. எப்படியாவது அந்த நாடகக்காரர்கள் எட்டாவதாக ஒரு கதவைக் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று ஏங்கினார். விரதம் முடிய வேண்டும் என்று வேண்டிய அதே மனுசன்தான்.

ஏழாம் கதவு ஒரு வெள்ளிக்கிழமை உடைந்தது. ராசம்மா காம்பராவில் கால் வைக்க இடமில்லை. எல்லாப் பெண்களும் தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி வந்திருந்தார்கள். அம்மன் சங்கிலியை அறுத்தாள். மலையே அதிரக் குலவை. கற்பூரம், மணி, கண்ணீர், பூசாரிக்கு அருள் வேறு வந்துவிட்டது. சின்னராசா டிவியைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்கு நடுவில் இருந்த அழகம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குலவை போடவில்லை. அழவும் இல்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைதான், ஆனால் போன் அடிக்கவில்லை.

வெளியே வந்த பெண்கள் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு சாலையா, எனக்கு பாறை, எனக்கு நல்ல பெரிய தலை என்று ஆளாளுக்குச் சொல்லிவைத்தார்கள். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பெண்சாதி பின்னால் போனார். ரெண்டு நாள் பொறு புள்ள, அம்மன் இப்பத்தானே வெளியே வந்திருக்கிறாள், குவைத்து தூரமில்லையா என்று ஏதோ தொடங்கினார். அழகம்மை நின்றாள்.

"போதுங்க. அம்மன விட்டது எனக்கு எப்பவோ தெரியும். நீங்க இல்லாத நேரம் துணி எடுக்கப் போனப்ப மொதலாளியம்மா சொல்லிட்டாங்க. உங்களுக்கும் தெரியும்னு சொன்னாங்க."

சின்னராசா ஆடிப்போனார். பிறகு எதற்குப் புள்ள மெத்தை, சுண்ணாம்பு, வளையல் என்று கேட்டார்.

"டவுன்ல விட்டப்ப வரல. நம்ம டிவில விடுறப்பவாச்சும் வருவாளான்னு பாத்தேன்," என்றாள் அழகம்மை. அப்போதுதான் அழுதாள். "நீங்களும் சொல்லாம யாவாரத்தக் கெடுத்துக்கிட்டு கரட்டோட அலைஞ்சீங்க. அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

இருவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். அழகம்மை மூக்கை உறிஞ்சிவிட்டு, நாளைக்கு மீன் எடுக்கப் போகவேண்டாம், என்னை அட்டனுக்குக் கூட்டிப்போங்கள் என்றாள். கோகுலராஜ் வந்துருவாங்கம்மா என்றுதானே சொல்வான் என்றார் இவர். சொல்லட்டும், நேரில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றாள்.

காலையில் சட்டியும் கையுமாக வெளியே வந்த பெண்கள், பைக்கின் பின்சீட்டில் மீன் பெட்டிக்குப் பதிலாக அழகம்மை உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். எங்கே என்று கேட்டார்கள். எம்புள்ளயக் கேக்கப் போறேன் என்றாள். ராசம்மா சட்டியை இஸ்தோப்பில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். இத்தனை நாளாக ஒன்றாகத்தானே விரதம் இருந்தோம், நீ மட்டும் தனியாகப் போவியா என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கினாள். பின்னாலேயே லயம் இறங்கியது. அன்றைக்குப் பெரட்டுக் களத்தில் கங்காணி தனியாக நின்று யாருக்கு வேலை பிரிப்பது என்று தெரியாமல் பீடி குடித்தாராம்.

ஏஜென்சி ஒரு சின்ன அறை, நாலு நாற்காலி. கோகுலராஜ் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது அறை நிறையப் பெண்கள், வாசலில் பெண்கள், படிக்கட்டிலும் பெண்கள். நடுவில் மீன் வாசத்தோடு சின்னராசா. அவன் பாடத்தைச் சொன்னான், வந்துருவாங்கம்மா. அங்கே ஒரு ஆள் இருக்கிறார், அவர் மேடத்திடம் பேசவேண்டும், மேடம் பாஸ்போர்ட் கொடுக்கவேண்டும், அதற்கு நாளாகும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றான். அழகம்மை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவால்ல தம்பி. அடைச்சு வச்சவளுக்காக உக்காந்து காத்திருந்து எங்களுக்குப் பழக்கம்தான். விடுற வரைக்கும் இருக்கோம்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரொட்டியும் சம்பலும் கட்டி வந்திருந்தார்கள், பிரித்துச் சாப்பிட்டார்கள், அவனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். வெளிநாட்டுக்குப் போக விசாரிக்க வந்த நாலுபேர் படியில் நின்று கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கோகுலராஜ் முதலில் சிரித்தான், பிறகு அதட்டினான், பிறகு கெஞ்சினான். பொலிசுக்குச் சொல்வேன் என்றதற்கு ராசம்மா, சொல்லுங்க தம்பி, அவங்ககிட்டயும் பாஸ்போர்ட் யார் கையில இருக்குன்னு சொல்றோம் என்றாள். மத்தியானம் தாண்டியபோது, இத்தனை மாதமாக எடுக்க முடியாத குவைத்து நம்பர் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அங்கே இருக்கிற ஆளோடு இங்கிலீசிலும் அரபியிலும் கத்தினான், வியர்த்தான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பின்னேரம் ஆகும்போது பதில் வந்தது. மேடம் பாஸ்போர்ட்டை ஏஜென்சி ஆளிடம் கொடுத்துவிட்டாளாம். அடுத்த வாரம் டிக்கெட். வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம் என்று அழகம்மை பிடிவாதம் பிடித்ததும், டிக்கெட்டின் படமும் அவன் போனுக்கு வந்து சேர்ந்தது. ராசம்மா அதை வாங்கி எல்லாருக்கும் காட்டினாள்.

பிறகு ரஜிதாவே லைனில் வந்தாள். கோகுலராஜ் போனை அழகம்மையிடம் நீட்டினான்.

"எல்லாரும் ஏஜென்சி வாசல்ல இருக்கோம் புள்ள," என்றாள் அழகம்மை.

யார் யாரும்மா என்று மகள் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. போன் கைமாறியது. நான் ராசம்மாப் பெரியம்மா, நான் கீழ்லயத்து ஜீவராணி, நான் மீனம்மா அத்தை என்று ஒவ்வொருத்தியாகப் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் ரஜிதா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஒவ்வொருத்தியையும் நலம் விசாரித்தாள். கடைசியாகப் போன் சின்னராசா கைக்கு வந்தது. மனுசன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"அப்பா, இன்னைக்கி சனிக்கிழமைல. மீனுக்குப் போகலையா நீங்க?"

"போகல புள்ள," என்றார் சின்னராசா. "நீ வா. வந்தப்புறம் போறேன்."